வரம்புக்கு மேல் வந்த பணம்

பிப்ரவரி 3

லிஃப்ட் மெக்கானிக் ஐயாவுக்கு,

நான் நலம். உங்கள் நலம் கேட்க இன்னும் மனசு வரவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என்னை விட்டுப் போனதிலிருந்து என் ஓய்வுக்கால நிதியில் வருஷா வருஷம் பணம் போடுகிறீர்கள். சலவைக் கடையில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போடுகிறவளுக்கு, முட்டி தேய்ந்தபின் சோறு வேண்டுமே என்று நானும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை ஏன் மூன்று மடங்கு? நிதி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். "வருஷத்துக்கு இவ்வளவுதான்னு வரம்பு இருக்கும்மா. மிச்சத்த உங்களுக்கே அனுப்பிடுவோம்" என்றார்கள். லாட்டரி ஏதும் அடித்ததா?

காகிதத்தில் மட்டும் உங்கள் மனைவி

பிப்ரவரி 10

அன்புள்ள உனக்கு,

அடுத்த வருஷத்துக்கும் அதற்கடுத்த வருஷத்துக்கும் முன்கூட்டியே போட்டால் வரவு வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். திரும்பி வந்தால் தனியாக எடுத்து வை. வருஷம் பிறந்ததும் நீயே போட்டுவிடு, மறந்துவிடாதே.

வேறு விசேஷமில்லை. நேற்றுகூட பன்னிரண்டாவது மாடியில் லிஃப்டில் ஒரு அம்மாள் மாட்டிக்கொண்டாள். வெளியே எடுத்துவிட்டதும் என்னைத்தான் திட்டினாள். உன் நினைவு வந்தது.

முட்டிக்கு ஒத்தடம் கொடு.

லிஃப்ட்காரன்

பிப்ரவரி 17

லிஃப்ட் மெக்கானிக் ஐயாவுக்கு,

நீங்கள் ஃபோனை எடுக்காததால் உங்கள் கம்பெனிக்கே போட்டேன். உங்கள் கூட்டாளிதான் பேசினார். "அண்ணன் வேலைக்கு வந்தே நாலு மாசமாச்சு அண்ணி. ஈரல்ல கட்டி. டாக்டர் கைய விரிச்சிட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்றேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அப்புறம் அந்தப் பன்னிரண்டாவது மாடி அம்மாள் எங்கிருந்து வந்தாள்? பணம் போடத்தான் வரம்பு, பொய் சொல்ல உங்களுக்கு வரம்பே கிடையாது.

அடுத்த வருஷம் இருக்க மாட்டேன் என்று வாயால் சொல்ல முடியாமல் பணமாகக் கட்டியிருக்கிறீர்கள். கடையில் நின்றபடியே அழுதேன். யாருடைய சட்டையோ கருகிவிட்டது.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் போனது போனதுதான். அதை உங்கள் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும், நீங்கள் கேட்க வேண்டும்.

மிச்சப் பணம் நேற்று வந்துவிட்டது. எடுத்து வைக்கவில்லை. அதில் அடுத்த வியாழக்கிழமைக்கு ரயில் டிக்கெட் வாங்கினேன். திரும்பி வருவதற்கு வாங்கவில்லை.

எழுந்து வர முடியாது என்றால் கதவைத் தாழ் போடாமல் படுத்திருங்கள்.

உங்கள் மனைவி