வெளிவராத கட்டுரை

தம்பிக்கு,

குறைமாதத்தில் பிறந்த உன் மகள் நன்றாக மூச்சுவிடுகிறாள் என்றதும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

பச்சிளங்குழந்தைகளின் மூச்சுத்திணறல் பற்றி நீ எழுதிய கட்டுரைகளையெல்லாம் தேடிப் படித்தேன். தும்மினால்கூடக் கட்டுரை போடுகிறவன் நீ. என் மகன் பிறந்தபோது அவனுக்கு நீ வைத்துச் சோதித்த புது மூச்சு மெஷினைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. கேட்டால், "ஆராய்ச்சி இன்னும் முடியலக்கா" என்கிறாய். அவன் இரண்டாம் வகுப்புக்கே வந்துவிட்டான். மாடி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறான்.

நேற்று வார்டு வாசலில் நின்றிருந்தேன். அதே மெஷினைத் தள்ளிவந்த நர்ஸிடம், "என் பொண்ணுக்கு இது வேணாம், பழசே வைங்க" என்றாய். அவள் அதைப் பக்கத்துக் குழந்தைக்கு வைத்தாள். அந்தத் தாய் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நானும் அன்று அப்படித்தான் கும்பிட்டேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா