ஸ்லாவாவுக்கு அனுப்பிய அழைப்பிதழ்

அக்டோபர் 11, 1926. வால்யெவோ.

ராணுவப் பள்ளியிலிருந்து கடிதம். ஓய்வுபெற்ற ஜெனரல்கள் தம் வாழ்வையும் பணியையும் நான்கு பக்கத்தில் எழுதித் தர வேண்டுமாம். அறுபத்தாறு வருஷம், நான்கு பக்கம். காலையிலேயே உட்கார்ந்தேன். பாதிரியார் மகன், பதினெட்டு வயதில் ராணுவப் பள்ளி, 1885இல் பல்கேரியர்களிடம் முதல் தோல்வி, குமானோவோ போரில் கர்னல், கொலுபாரா போரில் ஜெனரல். பேனா தானாக ஓடியது. 1915 நவம்பர், பின்வாங்கல் என்று எழுதியதும் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. பிளம் மரங்கள் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

லெபோசவா காபியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "அதுக்குள்ள ஜெனரல் ஆயாச்சா? பொண்டாட்டி எந்தப் பக்கத்துல வர்றா?"

அவள் இன்னும் வரவேயில்லை. தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

அக்டோபர் 12

மழை. ஒரு வரியும் நகரவில்லை.

அக்டோபர் 15

மதியம் கண்ணயர்ந்தேன். மறுபடி கனவில் அந்த எருதுகள். சீவோன்யா சாம்பல் நிறம், ஷாரோன்யா புள்ளி போட்டது. இந்த முறை பீரங்கியை இழுக்கவில்லை. இந்த வீட்டையே இழுத்துக்கொண்டு, சத்தமில்லாமல், மூடுபனிக்குள் போய்க்கொண்டிருந்தன. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. விழித்தபோது கன்னம் நனைந்திருந்தது.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அந்த நவம்பரில், பேச் ஊரைத் தாண்டி, அல்பேனிய மலைக்கு முன்னால் பாதை முடிந்துபோனது. பீரங்கிகளைப் பள்ளத்தில் தள்ளச் சொன்னேன். எருதுகளைச் சுட்டு ஆட்களுக்குப் பங்கிடச் சொன்னேன். கனவில் வந்த அந்த ஜோடி, சார்ஜென்ட் ஒப்ரென் தன் தொழுவத்திலிருந்து ஓட்டி வந்தது. "ஐயா, இதுங்க ரெண்டும் நடந்தே வந்துரும், தீனிகூட கேக்காது" என்றான். ஆட்கள் நான்கு நாளாகப் பட்டினி. சுடச் சொன்னேன். சரியான உத்தரவு, இன்றும் அதையேதான் போடுவேன். ஆனால் சட்டியில் வந்ததை நானும் சாப்பிட்டேன் — பசி, ருசியாக வேறு இருந்தது — எதிரே அவன் தன் பங்கை வாங்காமல் வெறுங்கையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கடற்கரை வரை என் பெட்டியைச் சுமந்து வந்ததும் அவன்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொரு வருஷம் ஆகிறது. சந்தையில் பார்த்தால் சல்யூட் வைக்கிறான், போய்விடுகிறான். அந்த சல்யூட்டைத்தான் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 20

வைத்தியர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். புகையிலையை விடச் சொன்னார். மற்றதை அவர் முகம் சொன்னது. நான் போய்ச் சேர்வதற்குள் ஒப்ரென் என்னோடு ஒரு வார்த்தை பேச வேண்டும். திட்டினாலும் போதும்.

எங்கள் வீட்டுப் புனிதர் திமித்ரியின் திருநாள் விருந்து, ஸ்லாவா, அடுத்த மாதம் எட்டாம் தேதி. நல்ல அட்டையில் அழகாக எழுதி ஒப்ரெனுக்கு அனுப்பினேன்: "நவம்பர் 8, சரியாக ஒரு மணிக்கு வரவும்."

அக்டோபர் 27

அட்டை திரும்பி வந்தது. பின்பக்கம் பென்சிலில்: "உத்தரவு கிடைத்தது. நான் இப்போது படையில் இல்லை."

லெபோசவா தலையில் கைவைத்தாள். "ஸ்லாவாவுக்கு யாராச்சும் கடுதாசி போட்டுக் கூப்பிடுவாங்களா? கதவு திறந்திருக்கும், வர்றவங்க வருவாங்க. உங்க அப்பா ஆயுசுல யாரையாவது கூப்பிட்டிருக்காரா? இதுல மணி வேற!"

நாற்பது வருஷம் ஆட்களை வரவழைத்தே பழகியவன். எப்படி மறந்தேன்?

நவம்பர் 8

மெழுகுவத்தி, இனிப்புக் கோதுமை, ரொட்டி. வீட்டுக்காரன் இன்று உட்காரக் கூடாது. நின்றபடி எல்லோருக்கும் பரிமாறினேன். கதவோர நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. சாயங்காலம் அது அப்படியே இருந்தது.

நவம்பர் 9

பாத்திரம் துடைத்தபடி லெபோசவா: "ஒப்ரென் வீட்டுப் புனிதரோட ஸ்லாவா இருபத்தொண்ணாம் தேதி. உங்கள மட்டும் யாரு கூப்பிடணும்?"

நவம்பர் 21

சீருடை போடவில்லை. குன்று ஏறும்போது மூச்சு வாங்கியது. மூடுபனியில் காலடி தெரியவில்லை. கனவுக்குள் நடப்பது போலவே இருந்தது. ஒப்ரென் வீட்டுக் கதவு திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சல்யூட் வைக்கக் கையைத் தூக்கினான். கையில் ஒயின் குடுவை. வைக்க முடியவில்லை.

"உள்ள வாங்க" என்றான். எல்லோருக்கும் சொல்வதுதான். எனக்குப் போதும் என்றிருந்தது.

நான் உட்கார்ந்தேன், அவன் நின்றான். தட்டில் கறி வைத்தான். என் கை போகவில்லை. குனிந்து, "பன்னிதான். பயப்படாம தின்னுங்க" என்றான்.

"ஒப்ரென், அன்னிக்கு... எனக்கு ருசியா இருந்துச்சுப்பா."

"தெரியும். எனக்கும் அந்த வாசம் இழுத்துச்சு. சட்டியப் பாத்தா கைய வச்சிருவேன்னுதான் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன்." குடுவையை மேசைமேல் வைத்தான். "பதினோரு வருசமா யாரு மேல கோவம்னே எனக்குப் புரியல."

இரண்டு பேரும் அழுதோம். அவன் மனைவி ரொட்டி வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 23

நான்கு பக்கமும் முடிந்தது. கடைசியில் எழுதியது: "பீரங்கிகளை அழித்தோம். எருதுகளைத் தின்றோம். அவற்றின் பெயர் சீவோன்யா, ஷாரோன்யா." பள்ளியில் அந்த வரியை அடித்துவிட்டால் அடிக்கட்டும். லெபோசவா மூன்றாம் பக்கத்தில் வருகிறாள்.

நவம்பர் 8, 1927

மெழுகுவத்தி ஏற்றி முடிப்பதற்குள் நாய் குரைத்தது. ஒப்ரென். யாரும் கூப்பிடவில்லை. கதவோர நாற்காலியைத் தாண்டிப் போய் மேசை நடுவில் உட்கார்ந்தான். நாள் முழுக்க நான் நின்றுகொண்டே பரிமாறினேன்.

"ஜெனரல், ஒயின் தீந்துருச்சு" என்றான்.

எடுத்துவரப் போனேன்.