உறை கழற்றாத பின்சீட்டு

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், ஒருவரோடொருவர் பேசுவதில்லை, மற்றபடி குறையொன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே. போனில் சொல்லாமல் எழுதுகிறாளே என்று பார்க்காதே, நீ கூப்பிட்டாலே ஸ்பீக்கரில் போட்டுப் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்.

நீங்கள் ஊருக்கு வரும்போது குட்டி உட்காரும் கார் சீட்டை மாட்டியாயிற்று, மலை புரண்டாலும் அது புரளாது என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, நம்பாதே. கார் வாங்கி இரண்டு வருஷமாகியும் பின்சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை, அழுக்காகிவிடுமாம். அந்த உறைமேலேயே குழந்தை சீட்டை வைத்து பெல்ட் போட்டிருந்தார். போன வாரம் கடையில் வாங்கிய தர்பூசணி ஏறக்குறைய குட்டியின் கனம் இருந்தது, விளையாட்டாக அதைக் குழந்தை சீட்டில் உட்கார வைத்துத் தோள்வாரையும் மாட்டினேன். தெருமுனையில் நாய் குறுக்கே வந்தது, அப்பா பிரேக் போட்டார், நாய் பிழைத்தது, சீட்டு வழுக்கிக்கொண்டு போய்ச் சாய்ந்தது, பழம் நழுவிக் கீழே விழுந்து சிவப்பாகப் பிளந்து கிடந்தது. தர்பூசணிக்குத் தோள் கிடையாது, வார் எப்படி நிற்கும் என்றார். வாஸ்தவம், சீட்டும் வழுக்கியதே, அதற்கு என்ன கிடையாது என்று கேட்டேன், அன்றிலிருந்து மௌனம்.

மறுநாளே உறையைக் கத்தரித்துப் போட்டேன். இந்த வீட்டில் பொருளுக்கு மரியாதை இல்லை என்று சுவரிடம் சொல்லிவிட்டு, பின்சீட்டு மெத்தையில் தடம் விழாமல் இருக்க அடியில் விரிக்கப் போர்வையை மடித்துக்கொண்டு வந்தார், அதையும் பிடுங்கிக்கொண்டேன். கடைசியில் குழந்தை சீட்டை முட்டியால் அழுத்தி பெல்ட்டை இழுத்தார். இப்போது பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து உலுக்கினால் விரல் அகலம்கூட அசையவில்லை. குட்டி பின்பக்கம் பார்த்து உட்காரும்படிதான் மாட்டியிருக்கிறது, ஆனால் பேரன் முதுகைக் காட்டிக்கொண்டா வருவான் என்று நேற்று சுவரிடம் கேட்டார். முகம் பார்த்தபடி ஓட்ட ஆசை, எந்த நேரத்திலும் சீட்டை முன்பக்கமாகத் திருப்பிவிடுவார். வழி முழுக்க லாரி ஓடும் சாலை, முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் ஒரு வயதுகூட ஆகாத கழுத்து ஒரு பிரேக்கைத் தாங்குமா?

அதனால் விமான நிலையத்துக்கு நானும் வருகிறேன். வண்டி நின்றதும் சாவியை வாங்கிக்கொள்வேன், நீ சீட்டைச் சரிபார்க்கும்வரை தரமாட்டேன். குட்டிக்குத் தடிமனான ஸ்வெட்டர் போட்டு வாரை மாட்டாதே, உடம்போடு இறுகாது, மாட்டியபின் மேலே போர்த்து. வாரை விரலால் கிள்ளிப் பார், மடிப்பு கையில் வந்தால் தளர்வு என்று அர்த்தம்.

மூன்று பேரும் நல்லபடியாக வந்து சேருங்கள், நோய்நொடியில்லாமல் இருங்கள். உன்னைக் கண்டதும் அப்பா கையை விரித்துக்கொண்டு வருவார். முதலில் சீட்டை உலுக்கு, அப்புறம் அவரைக் கட்டிக்கொள்.

சாவியோடு காத்திருக்கும்,
அம்மா