படபடப்புக்காரி

4-6-1971, வெள்ளி

பள்ளி திறந்து நான்காவது நாள். கரும்பலகையில் நேர்க்கோடு போட்டால் அது வாய்க்கால் மாதிரி வளைந்து போகிறது. முதல் வரிசைப் பெண் ஒருத்தி, "டீச்சர், உங்களுக்குக் குளிருதா?" என்று கேட்டாள். கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. எனக்காவது குளிராவது.

பானைச் சோற்றையும் தின்கிறேன், ஆனாலும் வளையல் முழங்கை வரை ஏறுகிறது. கண் மட்டும் நாளுக்கு நாள் பெருக்கிறது. பக்கத்து வகுப்பு ஹமீதா பானுதான் சொன்னாள், "அம்சா, இது சும்மா பலவீனம் இல்லடி. டாக்டர்ட்ட காட்டு." நாகூரில் அவளுடைய அத்தை ஒருத்திக்கு இப்படித்தான் இருந்ததாம்.

8-6-1971

இவர் கூட்டுறவுச் சங்கத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் பின்னால் நின்று கழுத்தை அழுத்திப் பார்த்தார். தண்ணீரை விழுங்கச் சொன்னார். கையை நீட்டச் சொல்லி, விரல்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். அது பட்டாம்பூச்சி மாதிரி அடித்துக்கொண்டது. தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்கிறதாம். என் உடம்பில் அது ஒன்றாவது வேலைக்கு அஞ்சாமல் இருக்கிறதே.

கழுத்துக்கு ஒரு மாத்திரை, நெஞ்சுக்கு ஒரு மாத்திரை. "கோபப்படாதீங்கம்மா. மனசு பதறினா நெஞ்சு ஓட்டம் எடுக்கும்."

"கோபம் வர்ற மாதிரி யாராவது நடந்துக்கிட்டா?"

"அந்தக் கோபமே இந்த நோயோட குறிதாம்மா" என்று சிரித்தார்.

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். போன அறுவடையில் கூலி நெல்லில் பதரைக் கலந்து அளந்தார்கள். களத்தில் போய்க் கேட்டவள் நான் ஒருத்திதான். அதுவும் கழுத்து கேட்டதுதானா? நான் கேட்கவில்லையா?

11-6-1971

அம்மா வந்துவிட்டாள். கீழத்தெருக் குடிசையைப் பூட்டிக்கொண்டு, ஒரு கோழியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். "உன் கை ஆடுற ஆட்டத்துக்குக் கொதிக்கிற கஞ்சிய மேல ஊத்திக்குவ. உனக்கு நல்லா ஆகுறவரைக்கும் நான் ஆக்கிப் போடுறேன்." நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் கைக் குழம்புக்கு ஏங்கிப்போயிருந்தேன்.

இவருக்கு ஒரே பெருமை. டீக்கடையில், "எங்க அத்தைய நான்தான் வச்சுக் காப்பாத்துறேன்" என்று நாலு பேர் கேட்கச் சொல்கிறாராம். கட்சிக் கிளைச் செயலாளர் அல்லவா, வாய் சும்மா இருக்குமா.

2-7-1971

இன்று நெஞ்சு சும்மா இருந்தது.

20-9-1971

அம்மா கோழியோடு கிளம்பிவிட்டாள். சம்பா நடவு நேரத்தில் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தால் உடம்பு துருப்பிடித்துவிடுமாம்.

25-11-1971

சட்டம் வந்தேவிட்டது. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருக்கும் கூலிக்காரர்களுக்கு, அவர்கள் இருக்கும் மனை இனி அவர்களுக்கே சொந்தம். போன ஜூன் மாதத்தில் அங்கே குடியிருந்தவர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இவர் கீழத்தெருவில் மிட்டாய் கொடுத்தார். அம்மாவிடம் சொன்னேன். எழுந்து போய்க் குடிசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அப்பா செத்ததும், நான் பிறந்ததும், ஹரிக்கேன் விளக்கில் படித்து வாத்தியாரம்மா ஆனதும் அந்த மண் சுவருக்குள்தான்.

போன மாதம்தான் மிராசுதாரும் கட்சியில் சேர்ந்தார். மாலை போட்டவர் இவர். எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

14-2-1972

கீழத்தெருவில் மற்ற எந்த மனைக்கும் ஆட்சேபம் இல்லையாம். அம்மாவின் மனைக்கு மட்டும் மிராசுதார் ஆட்சேபம் கொடுத்திருக்கிறார். அது ரோட்டை ஒட்டிய இடம், அவருக்கு அங்கே நெல் மில் கட்ட வேண்டும். ராமாயி ஜூன் மாதத்தில் அங்கே இல்லை, குடிசை பூட்டிக் கிடந்தது, மருமகன் வீட்டோடு போய்விட்டாள் என்று எழுதியிருக்கிறார்கள். சாட்சி யார் தெரியுமா? என் புருஷன் டீக்கடையில் பேசிய பேச்சு!

என் நோய்க்குக் கஞ்சி காய்ச்ச வந்தவளுக்கு வீடு போகப் போகிறது.

"நான் பெருமைக்குச் சொன்னேன்டி!"

"சரி, அதையே தாசில்தார்கிட்ட வந்து சொல்லுங்க. பொண்ணுக்கு உடம்பு முடியல, பார்க்க வந்தாங்கன்னு சொல்லுங்க. அது போதும்."

வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அவரும் இப்ப கட்சியில இருக்காரு, அம்சா. நான் எப்படி எதிர்ல போயி நிக்கிறது? நீ படபடக்காத. உடம்புக்கு ஆகாது" என்றார்.

சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். வீட்டைப் பறிகொடு என்று சொன்ன வாய் மூடவில்லை, அதற்குள் நாடி! கையை உதறிக்கொண்டேன். நெஞ்சு தண்டவாளத்தில் ரயில் போகிற மாதிரி ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது?

10-3-1972

விசாரணை. சாவடியில் தாசில்தார், மிராசுதாரின் காரியக்காரர் இராஜாங்கம், அம்மா, நான். இவருக்குச் சங்கத்தில் அவசர வேலையாம்.

எல்லாவற்றையும் வரிசையாகத்தான் யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் குரல் பிசிறியது. கை ஆடியது, வேர்த்து ஊற்றியது. தாசில்தார் என் கண்ணையே பார்த்தார். இந்த முழிக்கண்ணைப் பார்த்தால் யாருக்கும் திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரிதான் தோன்றும்.

இராஜாங்கம் எழுந்து மிகவும் இரக்கமாகச் சொன்னார்: "ஐயா, டீச்சரம்மாவைக் குத்தம் சொல்லக் கூடாதுங்க. அவங்களுக்கு நரம்புல கோளாறு. தொட்டதுக்கெல்லாம் பதறுவாங்கன்னு அவங்க வீட்டுக்காரரே சொல்லியிருக்காரு."

"உட்காருங்கம்மா. தண்ணி குடிங்க" என்றார் தாசில்தார். வேறு நாள் போடுகிறேன் என்று எழுந்துவிட்டார். எனக்குக் கிடைத்த நியாயம் ஒரு டம்ளர் தண்ணீர்.

வெளியே வந்ததும் அம்மா, "ஏன்டி அப்படிப் பயந்த?" என்று கேட்டாள். நான் பயப்படவே இல்லை. கோபத்தில் நின்றேன். பெற்றவளுக்கே அது தெரியவில்லை என்றால் தாசில்தாருக்கு எப்படித் தெரியும்?

13-3-1972

ஹமீதாவிடம் அழுதேன். அவள் தட்டிக்கொடுக்கிற ரகம் இல்லை. "கை ஆடுச்சுன்னுதானே நம்பல? ஆடாம பண்ணிக்க. நினைச்சா போடுற, கோவம் வந்தா நிறுத்துற, இது என்ன வைத்தியம்? நாளையிலேர்ந்து என் கண்ணு முன்னால மாத்திரைய முழுங்கு." முதல் மணி அடித்ததும் தண்ணீர்ச் செம்போடு வந்து நிற்கப் போகிறாளாம்.

7-6-1972

நடுக்கம் அநேகமாக நின்றுவிட்டது. வளையல் கீழே இறங்கி நிற்கிறது. டாக்டருக்குச் சந்தோஷம்.

எனக்குத்தான் ஒரு பயம். சாயந்திரம் கீழத்தெரு மருதையன் அண்ணன் வந்தார். கூலி உயர்வு கேட்டுப் போன ஆட்களை மிராசுதார் இறக்கிய வெளியூர் ஆட்கள் வரப்பிலேயே வைத்து அடித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுத் தேம்பினார். கேட்டுக்கொண்டே முறத்தில் அரிசி புடைத்தேன். நெஞ்சு படபடக்கவே இல்லை. அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். முன்பெல்லாம் செருப்புகூடப் போடாமல் கிளம்பியிருப்பேன்.

நடுக்கத்தோடு அதுவும் போய்விட்டதா? டாக்டர் சொன்னது சரியா? இத்தனை வருஷம் ரோஷக்காரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள் வெறும் நோயாளிதானா?

21-8-1972

இரண்டாவது விசாரணை. கை ஆடவில்லை. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற மாதிரி, என் நோய், அம்மா வந்தது, திரும்பிப் போனது எல்லாவற்றையும் சொன்னேன். தாசில்தார் நான் சொல்லச் சொல்ல எழுதினார். எனக்கு நம்பிக்கைகூட வந்துவிட்டது.

இராஜாங்கம் எழுந்தார். "அன்னிக்கு அப்படி நடுங்கினவங்க இன்னிக்குக் கடகடன்னு ஒப்பிக்கிறாங்க பாருங்க. யாரோ நல்லா சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்காங்கய்யா."

நடுங்கினால் நரம்புக் கோளாறு. நடுங்காவிட்டால் மனப்பாடம். நான் எப்படித்தான் நிற்க வேண்டும்?

இவரைத் தாசில்தாரே வரச் சொல்லியிருந்தார். "உங்க மாமியார் எதுக்காக உங்க வீட்டுக்கு வந்தாங்க?"

இவர் தரையைப் பார்த்தார். "வயசாயிடுச்சுங்க. நான்தான் கூட்டிட்டு வந்து வச்சுக்கிட்டேன்."

"மருமவனே!" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டேன். "உனக்கு நோய்னு சர்க்கார் காகிதத்துல ஏறிட்டா உன் வேலை என்னாகும்? உனக்காகத்தான் சொன்னேன்" என்கிறார். போன தடவை சாவடியே கேட்க இராஜாங்கம் சொன்னாரே, அது யார் வாயிலிருந்து போனது? அதையும் கேட்டேன். "படபடக்காத" என்றார்.

நான் படபடக்கவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். நெஞ்சு தன்பாட்டுக்கு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. கை அசையவில்லை. ஆனால் கோபம் இருந்தது, குறையாமல், பழைய கோபத்தைவிடக் கெட்டியாக. அப்படியானால் இது சுரப்பி கொடுத்தது இல்லை. என்னுடையது.

28-9-1972

உத்தரவு வந்துவிட்டது. கீழத்தெருவில் எல்லோருக்கும் மனைப்பட்டா, அம்மாவுக்கு மட்டும் இல்லை. பட்டா கொடுக்கும் விழாவில் மைக் பிடித்துப் பெயர் வாசித்தவர் இவர். நல்ல கணீரென்ற குரல். தாசில்தாரிடம் பேசியபோது அது எங்கே போயிருந்தது?

7-10-1972, சனி

மேல்மனு போட்டாயிற்று. அது முடிவாகும் வரை குடிசை பூட்டிக் கிடக்கக் கூடாது. பூட்டினால் ஆளில்லை என்பார்கள். அம்மா நடவுக்குப் போகிற நாளில் நான் இருக்கிறேன், நான் பள்ளிக்கூடம் போகிற நாளில் அவள் இருக்கிறாள். டிரங்குப் பெட்டியையும் கொண்டுவந்துவிட்டேன். வந்து ஒரு வாரம் ஆகிறது.

சாயந்திரம் இவர் வந்தார். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். தஞ்சாவூருக்குப் போய் அடுத்த மாதத்துக்கான மாத்திரையை வாங்கி வந்திருக்கிறார். இரண்டு விதமும். ஒன்றும் தவறவில்லை. இந்த மனிதரைக் கெட்டவர் என்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

"வீட்டுக்கு வா, அம்சா. மழை வருது. இங்க கெடந்தா உனக்கு நெஞ்சு தாங்காது."

"தாங்குது" என்றேன்.

தூறல் பிடித்துக்கொண்டது. அவர் தலை நனைந்தது. அம்மா அடுப்படியிலிருந்து என்னையே பார்த்தாள், நான் சொல்லட்டும் என்று. மாத்திரைகளை வாங்கி உள்ளே வைத்தேன். திரும்பி வந்து வாசலில் நின்றேன். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை.