ஆறுவதற்கு இருபது நிமிடம்

மார்ச் 4

என் அன்பு அம்மாவுக்கு,

நான் ஜோராக இருக்கிறேன். நீயும் முட்டிவலி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது என்று நாம் கடிதத்துக்கு மாறியது நல்லதாகப் போயிற்று. உன் கடிதத்தை என் போன்தான் வாசித்துக் காட்டுகிறது. "செல்லமே" என்பதைக்கூடப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி அதட்டிச் சொல்கிறது.

சேதி இதுதான்: மின்சார கிரில் வாங்கிவிட்டேன்! பெட்டி போல மூடிக்கொள்ளும் இரண்டு தட்டு. மேலும் கீழும் ஒன்றாக வேகும். திருப்பிப் போட வேண்டாம், தீயும் கிடையாது. திருகில் எனக்கு வேண்டிய சூட்டுக்கு நேரே ரப்பர் பொட்டு ஒட்டியிருக்கிறேன். தட்டு சில்லென்று இருக்கும்போதே கோழித் துண்டுகளை அடுக்கி மூடிவிட்டு, அப்புறம்தான் சுவிட்சைப் போடுவேன். சத்தம் படபடவென்று கிளம்பி மெல்ல அடங்கும். முடிந்ததும் வயரைப் பிடுங்கிவிட்டு, கைக்கடிகாரத்தைத் தடவிப் பார்த்து இருபது நிமிடம் ஆறவிட்டுத் துடைப்பேன்.

முப்பத்தொரு வயதில் முதன்முதலாக நானே சமைத்துச் சாப்பிட்டேன் அம்மா. பிறவியிலேயே கண் தெரியாதவள் என்று நீ என்னை அடுப்படி வாசலைத் தாண்ட விட்டதே இல்லையே!

உன் வாலு

மார்ச் 11

என் செல்லக் கழுதைக்கு, அம்மா எழுதுவது.

கண் நன்றாகத் தெரிகிற நானே எத்தனை தரம் சுட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஏன்டி இந்த வேண்டாத வேலை? கிளம்பும்போது நீ கொடுத்த வாக்கு நினைவிருக்கட்டும். ஒரு காயம் பட்டாலும் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். உன் மெத்தைக்கு உறைகூட மாற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து அடுப்படியில் பல்ப் மாட்டுவான். சமைக்கும்போது லைட்டைப் போட்டுக்கொள். உனக்கு வேண்டியதில்லைதான், எனக்காகப் போடு. பிள்ளை வெளிச்சத்தில் நிற்கிறது என்று நினைத்தால் எனக்கு ஒரு நிம்மதி.

அம்மா

ஏப்ரல் 2

அன்பு அம்மாவுக்கு,

ஒரு பல்ப் மாட்ட அண்ணன் அரைமணி நேரம் ஸ்டூலில் நின்றான். "குருடி வீட்டுக்கு எதுக்குடா பல்ப்?" என்று கேட்டேன். "அம்மா சொன்னா போட்டுக்கோயேன்" என்றான். மறக்காமல் போடுகிறேன். நீயே பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

நல்ல சேதி ஒன்று. ஆஸ்பத்திரி போன் மேசை வேலை எனக்கு அடுத்த மாதத்திலிருந்து நிரந்தரம்! கிரிலில் வாட்டிய கத்தரிக்காயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நர்ஸ் அக்கா விரலை நக்கிக்கொண்டே சாப்பிட்டாள். என் கை பத்திரமாக இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை.

உன் வாலு

ஏப்ரல் 9

பொய்க்காரிக்கு,

கை பத்திரமா? இடது கையில் நாலு விரலும் கொப்புளம். மார்ச் 29, சனிக்கிழமை, மத்தியானம். அண்ணன் பல்ப் மட்டும் மாட்டவில்லை, பக்கத்தில் கேமராவும் மாட்டினான். இங்கே டிவியில் எல்லாம் தெரிகிறது. உன் அத்தை வந்திருந்தபோது, "நைட்டியை முன்பின்னா மாட்டியிருக்கா பாரு" என்று வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அன்றைக்கு நீ கிரில் வயர் என்று நினைத்து மிக்சி வயரைப் பிடுங்கினாய். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ கடிகாரத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த இருபது நிமிடமும், "போன் பண்ணும்மா, போன் பண்ணும்மா" என்று அண்ணன் என் உயிரை எடுத்தான். நான்தான் போனை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். பட்டால்தான் வீட்டுக்கு வருவாள் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். பெற்ற வயிறு எரியாதா? எரிந்தது.

துடைக்கப் போய்க் கை வெந்ததும் நீயே மூன்று தரம் போன் பண்ணினாய். எடுத்தால் இளகிவிடுவேன் என்று எடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாய். சரி, புத்தி வந்துவிட்டது என்று டிக்கெட் எடுக்கச் சொன்னேன். நீயோ வேலை நிரந்தரம் என்று எழுதுகிறாய்!

வாக்கு என்றால் வாக்குதான். மாதக் கடைசியில் அண்ணன் வருவான். அந்தச் சனியன் பிடித்த பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பி வா. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.

அம்மா

ஏப்ரல் 16

அம்மாவுக்கு,

போன் தப்பாக வாசிக்கிறதோ என்று எதிர்வீட்டுத் தையல்கார அக்காவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். அவளும் அதையேதான் வாசித்தாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிக் கேமராவைக் கழற்றிக் கொடுத்தாள்.

அண்ணனை அனுப்பாதே. வாக்கை நான் மீறுகிறேன். நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. கிரில் வயரில் ஒரு நாடாவும் கட்டிவிட்டேன். இனி எனக்கு எழுத வேண்டாம், எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஒன்றை மட்டும் நீ தப்பாகப் பார்த்துவிட்டாய். கை வெந்ததற்கு நான் அழவில்லை. நம் சண்டை எவ்வளவு முற்றினாலும் நீ என் போனை எடுக்காமல் இருந்ததே கிடையாது. மூன்று தரம் அடித்தும் எடுக்கவில்லை என்றதும், முட்டி மடங்கி எங்கோ விழுந்து கிடக்கிறாய் என்று பயந்துவிட்டேன். "அம்மா அசந்து தூங்கிட்டாங்க" என்று மறுநாள் அண்ணன் சொன்ன பிறகுதான் எனக்கு உயிரே வந்தது. அன்றைக்கு நான் உனக்காகத்தான் அழுதேன்.

இப்படிக்கு,
மகள்