ஒரு சாண்கூட வராத குழாய்

நேற்று கடலுக்கடியில் இருந்தவர்கள்: நீ, நான், உன் அத்தான்.

தம்பி, சோறு அடுப்பில் இருக்கிறது. முதலில் சாப்பிடு, இதைப் படித்தால் இறங்காது.

அத்தானுக்குச் சிலிண்டரில் காற்று தீர்ந்ததும் உன் வாயிலிருந்த ரெகுலேட்டரை, அந்த மூச்சுக் கருவியை, நீட்டினாய். அதன் நீளக் குழாய் ஒரு சாண்கூட வரவில்லை. ஆடாமலிருக்க அதைப் பிளாஸ்டிக் பட்டியால் சிலிண்டரோடு இறுக்கியிருந்தாய். அவசரத்துக்கென இருக்கும் மாற்று ரெகுலேட்டரோ கடல்தரையில் இழுபட்டுச் சேறு அடைத்திருந்தது. ஏன் குழாயைக் கட்டினாய் என்று கேட்டால், “பாக்க நீட்டா இருக்குல்லக்கா?” என்கிறாய். தூ!

இனி குழாயை மார்புக்குக் குறுக்கே சுற்று, இழுத்தால் வர வேண்டும். மாற்று ரெகுலேட்டர் ரப்பர் வளையத்தில் கழுத்தில் தொங்கட்டும்.

பி.கு.: இரவு வேலையை விட்டு ஓடி வந்தவளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்றாய். என் காற்றை அவருக்குக் கொடுக்கத் தெரிந்தது.

அவர் இன்னும் இருமுகிறார், மருத்துவரிடம் போகிறோம். உன் கருவிகளை என் அறையில் போட்டுக் கதவைப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம்.