சட்டைப் பையில் என் நம்பர்

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்றும் இவர் என் போன் சிம்மை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் செய்த குற்றம் இதுதான்: இவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கரணை மெட்டில்டா அக்கா. செப்டம்பர் நாலாம் தேதி அவர் மகளுக்குக் கல்யாணம், மேக்கப் நான். அதைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவேன்?

வழக்கம்போல் கையை நீட்டினார். "ஊக்கு குடு."

தாலிச் சங்கிலியில் கோத்திருக்கும் ஊக்கு. கழற்றிக் கொடுத்தேன். அதை வைத்துப் போனில் குத்தி, சிம்மை உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "போனையா புடுங்கினேன்? சிம்மைத்தானே? புத்தி வந்ததும் வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டுப் பல்லாவரத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

புத்தி! யாருக்கு வர வேண்டும்?

எனக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. செம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வரை வீடு வீடாகப் போய் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். அந்த நம்பர்தான் என் கடை. நினைத்தபோதெல்லாம் அதை இழுத்து மூடுகிறார். அதற்கு ஊக்கும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். அவர்மேல் வருகிற ஆத்திரத்தில் பாதி என்மேலும் வருகிறது.

ஆகஸ்ட் 12

சிம்மைக் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்து "இந்தா" என்றார். நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ?

போனில் போட்டவுடன் மெட்டில்டா அக்கா கூப்பிட்டார். "இன்னாமா சத்யா, நேத்து எவ்ளோ வாட்டி போட்டேன்! கல்யாண வூட்ல இப்டி பண்ணா எப்டி? இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா வேற ஆள பாத்துக்குவேன், கோச்சுக்காத."

சார்ஜ் இல்லை அக்கா என்றேன். பொய் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

கேம்ப் ரோட்டில் ரோஸி வேலை செய்யும் செல்போன் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்ச். போன் கவர் மாற்றத்தான் போனேன். சிம் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வரும் அழுகை, அதுவும் எனக்குப் பிடிக்காது.

"உன் போன்ல இ-சிம் போடலாம்டி" என்றாள். "கார்டே கிடையாது. போனுக்குள்ளயே கீது. எவனும் உருவ முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ஒண்ணு. கார்டுன்னா போன் செத்துப்போனா உருவி ஒரு பட்டன் போன்ல சொருகிக்கலாம். இதுல அது நடக்காது. போன் உடைஞ்சா கம்பெனி கடைக்குத்தான் ஓடணும்" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். போன மழையில் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்து கரண்ட் போனபோது, பட்டன் போனில் சிம்மை மாற்றிப் போட்டுத்தான் ஊரோடு பேசினேன். கார்டுமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் மாற்றுவதற்கு எத்தனை சுலபமோ, பிடுங்குவதற்கும் அத்தனை சுலபமாக இருக்கிறதே!

போடுடி என்றேன். மேக்கப் போட்டோவுக்காக வாங்கிய நல்ல போன், அதனால் இ-சிம் ஏற்றுக்கொண்டது. மெசேஜ் அனுப்பினோம், மெயிலில் கட்டம் கட்டமாக ஒரு படம் வந்தது, ஸ்கேன் செய்தோம். சாயங்காலத்துக்குள் பழைய கார்டு செத்தது.

செத்த கார்டை இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி

இவருக்கு லீவு. நான் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டே போனில் பேசினேன். "நல்ல நாள்லகூடவா?" என்று கையை நீட்டினார். பேச்சை முடித்துக்கொண்டு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். குத்தினார், உருவினார், பையில் போட்டார்.

பூஜைக்கு விளக்கேற்றும்போது போன் அடித்தது.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார். கார்டு இருக்கிறது. போனும் அடிக்கிறது. எடுத்து "சொல்லுங்க அக்கா" என்றேன். சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. ஐயோ, அந்த முகம்!

"என்னை முட்டாளாக்கறியாடி? பாக்கறேன், எத்தனை நாளைக்குன்னு."

கொழுக்கட்டையை யாரும் தொடவில்லை. பரவாயில்லை. எனக்கு வயிறு நிறைந்துதான் இருந்தது.

ஆகஸ்ட் 29

நேற்று சாயங்காலத்திலிருந்து போனில் டவர் இல்லை. காலையில் ரோஸியிடம் ஓடினேன். பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "நம்பர் யார் பேர்ல கீது?"

அவர் பேரில்.

கல்யாணமான புதிதில் என் ஆதாரில் அனகாபுத்தூர் அப்பா வீட்டு விலாசம்தான் இருந்தது. "அதை மாத்தி எப்ப வாங்கறது? என் பேர்லயே வாங்கிடலாம்" என்றார். அன்றைக்கு அது அன்பாகத்தான் தெரிந்தது. எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் நம்பர் புருஷன் பேரில்தான் இருக்கிறது. யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

ரோஸி விசாரித்துச் சொன்னாள்: அவர் சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி, ஆதாரைக் காட்டி, கட்டைவிரலை வைத்து, அதே நம்பருக்குப் புதுக் கார்டு வாங்கிவிட்டார். என் போனுக்குள் இருந்த இ-சிம் அத்தோடு செத்தது. என் போனில் கையே வைக்காமல் உருவிவிட்டாரே!

ரோஸி போனிலிருந்து மெட்டில்டா அக்காவைக் கூப்பிட்டேன். "காலைல போட்டேன்மா. யாரோ ஆம்பள எட்த்து, சத்யப்பிரியா இப்ப வேலைக்குப் போறதில்லன்னு சொன்னாரே? நான் வேற பொண்ணுக்கு சொல்லிட்டேனே."

பாவி. என் வேலையை நான் விடல, நீ எப்படிடா விடுவ? யாரக் கேட்டு? சொல்லு, யாரக் கேட்டு?

செப்டம்பர் 1

சமைத்தேன். பரிமாறவில்லை.

செப்டம்பர் 6, சனி

என் பெயரில் நம்பர் வாங்கிவிட்டேன். அதே ஆதார், அதே அனகாபுத்தூர் விலாசம். ரோஸி என் விரலை வைத்தாள், போட்டோ எடுத்தாள், முடிந்தது. விலாசத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை! இதற்கா இத்தனை வருஷம்?

"கார்டா, இ-சிம்மா?" என்றாள்.

கார்டே போடு என்றேன். மழைக்காலம் வருகிறது, பட்டன் போன் வேண்டியிருக்கும். எவனாவது உருவினால் உருவட்டும், அன்றைக்கே வந்து என் விரலை வைத்து வேறு கார்டு வாங்குகிறேன். இனிமேல் ஊக்குக் கேட்டால் கிடைக்காது.

பாவி என்று எழுதியதை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

என் பழைய நம்பர் அவர் போனில்தான் இருக்கிறது. அழைப்புகளும் அங்கேதான் போகின்றன. வேலையில் இருக்கும்போதும், பஸ்ஸிலும், "மேக்கப் அக்காவா? புடவைக்கு ப்ளீட்ஸ் வெச்சு விடுவீங்களா?" வேலைக்குப் போவதில்லை என்று சொல்லிப் பார்த்து, அவர்கள் கேட்கும் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் அலுத்துவிட்டாராம். இன்று மத்தியானம் அவரே வந்து நின்றார்.

"உன் புது நம்பர் என்ன? கேக்கறவங்களுக்குக் குடுத்துடறேன்."

போனை வாங்கி, அழைத்தவர்களின் நம்பர்களை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். நானே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

"அப்ப எனக்கு? அவசரம்னா உன்னை எப்படிக் கூப்பிடறது?"

இத்தனை வருஷமாக "ஏய்" என்றுதான் கூப்பிடுகிறார்.

"ஒரே வீட்ல தானே இருக்கோம்? சத்யப்பிரியான்னு கூப்பிடுங்க, கேட்கும்" என்றேன்.

நாளை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சர்ச் கல்யாணம். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.